நெத்திலி காய வைக்க ஒரு வெயில் கூடாரம்: மண்டபம் கரைச் செய்முறை

பத்து கிலோ பச்சை நெத்திலியில் ஏறத்தாழ எட்டு கிலோ தண்ணீர்தான். கருவாடு கெடாமல் நிற்க ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். உலர்பொருள் இரண்டு கிலோ, 2-ஐ 0.85-ஆல் வகுத்தால் 2.35. கடைசியில் தராசில் நிற்க வேண்டிய எடை அது. வெளியேற்ற வேண்டிய தண்ணீர் 7.65 கிலோ. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.4 மெகாஜூல் என்று கொண்டால் மொத்தம் 18.4 மெகாஜூல், வீட்டு மின்மீட்டர் கணக்கில் ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்கைப் போடாமல் கூடாரம் கட்டத் தொடங்கக் கூடாது. கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பாடத்துக்காகச் செய்யப்படும் வெயில் உலர்த்திகளில் பெரும்பாலானவை எவ்வளவு சூடு ஏறியது என்பதை மட்டும் பெருமையாக எழுதி முடித்துக்கொள்கின்றன. மீன் காய்வதற்குச் சூடு உதவும், அவ்வளவே. ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியே போக வேண்டியது காற்று. சூடு ஏறி, காற்று நகராவிட்டால் உள்ளே மீன் வேகும்.

அளவு எப்படி வந்தது

நல்ல வெயில் நாளில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரையில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 20 மெகாஜூல் விழுகிறது. கூடாரத்தின் தரை 12 அடி நீளம், 5 அடி அகலம். அதாவது ஐந்தரை சதுர மீட்டர். அதன்மேல் விழுவது நாளுக்கு 110 மெகாஜூல். அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கப் பயன்பட்டாலே பத்து கிலோ நெத்திலி ஒரே நாளில் காய்ந்துவிடும். மீதி, கூடாரத்தை மூடும் பாலித்தீன் தாளில் பட்டுத் திரும்புவதிலும், தரைக்குள் இறங்குவதிலும், சூடான காற்றாக வெளியே போவதிலும் கழியும். இதைவிட அதிகத் திறனை எதிர்பார்த்துக் கூடாரத்தைச் சிறிதாக்கினால் மீன் இரவில் பாதி ஈரத்தோடு கிடக்கும். உப்பு போடாத நெத்திலி கெடுவது அந்த முதல் இரவில்தான்.

அடுத்தது காற்று. 30 டிகிரி சூடும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்காற்றை 45 டிகிரிக்கு ஏற்றினால் அதன் ஈரப்பதம் 33 சதவீதத்துக்கு இறங்கும். காற்றிலிருந்து ஒரு துளி ஈரமும் போகவில்லை. ஈரம் பிடிக்கும் கொள்ளளவுதான் இரண்டே கால் மடங்காகியிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆவியாகும் தண்ணீர் காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போவதால், ஒரு கன மீட்டர் காற்று மீன்மேல் தவழ்ந்து வெளியேறும்போது நடைமுறையில் 3 முதல் 4 கிராம் ஈரம்தான் எடுத்துப்போகும். 7.65 கிலோவுக்கு 2,200 கன மீட்டர் காற்று வேண்டும். எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 270-க்கு மேல். வாசலில் காற்று வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நுழைகிறது என்று கொண்டால் ஒன்றரை சதுர அடிக்குச் சற்று அதிகமான திறப்பு போதும்: 4 அடி அகலம், 5 அங்குல உயரம்.

இங்கேதான் கொசுவலை கணக்கைக் கெடுக்கிறது. ஈக்காக வலை கட்டாமல் இருக்க முடியாது. கட்டினால் காற்றில் ஏறத்தாழ பாதி நின்றுவிடும். அதனால் திறப்பை இரட்டிப்பாக்கி 4 அடிக்கு 10 அங்குலம் என்று வைக்க வேண்டும். வெளியேறும் வாயும் அதே பரப்பில். கரைகளில் கட்டி, ஒரு மழைக்குப் பின் கைவிடப்பட்ட கூடாரங்களைப் பார்த்தால் பலவற்றில் வெளிவாய் ஒரு கையகலத் துளையாக இருக்கும். தாளின் உள்பக்கம் பகலெல்லாம் நீர்த்துளி கோத்து நின்றால் நோய் இதுதான். வேறு காரணம் தேட வேண்டாம்.

எந்தத் திசையில்

பாடநூல் தெற்கு நோக்கிச் சாய்க்கச் சொல்லும். மண்டபம் 9.3 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் நடுவில்கூட உச்சிவெயில் 57 டிகிரி உயரத்தில் நிற்கும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் ஏறக்குறைய தலைக்கு மேல். சாய்வால் கிடைக்கும் லாபம் சொற்பம். திசையைத் தீர்மானிக்க வேண்டியது காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை உள்வாய் தென்மேற்கைப் பார்க்கட்டும், வாடைக்காலத்தில் வடகிழக்கை. கூடாரத்தைத் தூக்கித் திருப்ப முடியாது என்பதால், இரு முனைகளிலும் கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு என வைத்து, வேண்டாததைத் தாள் மடிப்பால் மூடிக்கொள்வது வசதி. வடகடல் பக்கம் கட்டினாலும் தென்கடல் பக்கம் கட்டினாலும் இதே முறைதான். எந்தப் பருவத்தில் எந்த வாய் திறந்திருக்கும் என்பது மட்டும் மாறும். தனுஷ்கோடிப் பக்கம்போல் மணல் பறக்கும் இடமென்றால் உள்வாய்க்கு மூன்றடி முன்னால் இடுப்புயர ஓலைத்தட்டி ஒன்று கட்டினால் மணல் அதில் அடித்து விழும், காற்று ஏறி வரும்.

கட்டுமானப் பொருள்

வளைவுகள் ஐந்து, மூன்றடிக்கு ஒன்று. பச்சை மூங்கில் பிளாச்சு, நீளம் 11 அடி முதல் 14 அடி வரை. இரு நுனியும் ஒன்றரை அடி மண்ணுக்குள் போகும். காய்ந்த மூங்கில் வளைக்கும்போது வெடிக்கும், ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தாழ்ந்த முனையில் உயரம் இரண்டரை அடி, உயர்ந்த முனையில் நான்கடி. உச்சியில் ஒரு சவுக்குக் கம்பு முழு நீளத்துக்கு. கட்டுவதற்குக் கம்பி வேண்டாம். துத்தநாகம் பூசிய கம்பியும் உப்புக்காற்றில் நெடுநாள் நிற்காது, துருத் தூள் தட்டில் விழும். பழைய வலைக்கயிறு போதும், கரையில் கிடைக்கும், முடிச்சும் போடத் தெரிந்தவர்கள் நிறைய. ஆணி தவிர்க்க முடியாத இடத்தில் எவர்சில்வர் திருகாணி.

பசுமைக்குடிலுக்கு விற்கும், புற ஊதாக் கதிர் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் தாள், பன்னிரண்டரை அடிக்குப் பதினான்கடி, முனைச் சுவர்களுக்குத் தனி. எடையில் வாங்கினால் மூன்றரை கிலோ வரும். சாதாரணத் தாள் வாங்கி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அடுத்த கோடைக்குள் அதை மண்ணிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டியிருக்கும். கடலோரத்தில் பிளாஸ்டிக்கைத் துகளாக்கி விதைத்துவிட்டு அதற்குச் சுற்றுச்சூழல் திட்டம் என்று பெயர் வைப்பதில் அர்த்தமில்லை.

தாள் முதலில் கிழிவது நடுவில் அல்ல, மூங்கிலில் படும் கோட்டில். கறுத்த மூங்கில் வெயிலில் நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டோடு காற்றின் உரசலும் சேரும். உரசலுக்காகப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுவது வழக்கம். கறுப்பு ரப்பர் இன்னும் சூடேறித் தாளை விரைவில் நொறுங்கவைக்கும். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து இரண்டு சுற்று சுற்றுவது மேல்.

தரைக்கு: மணலை ஆறு அங்குலம் உயர்த்திச் சமப்படுத்தி, அதன்மேல் பனையோலைப் பாய், பாயின்மேல் கறுப்புத் தாள். பாய் சூட்டைக் கீழே விடாது. கறுப்புத் தாள் வெயிலை உறிஞ்சுவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது: கடற்கரை மணல் அடியிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தாள் இல்லாவிட்டால் அந்த ஈரமும் கூடாரத்துக்குள்தான் எழும். ஆக, மீனுக்காகத் திறந்துவிட்ட காற்று மணலை உலர்த்திக்கொண்டிருக்கும்.

தட்டுகள் ஆறு, நான்கடிக்கு இரண்டடி, ஒரு அங்குல ரீப்பர் சட்டம். நெத்திலிக்கு 5 மில்லிமீட்டர் கண் உள்ள பிளாஸ்டிக் வலை. பழைய மீன்வலை பெரிய மீனுக்குத்தான் ஆகும். தட்டு தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இரு பக்கமும் நீளவாக்கில் போட்ட சவுக்குக் கம்புகளின்மேல் அமரும். காற்று தட்டின் அடியிலும் போக வேண்டும் என்பதால் அதைத் தாழ்த்தக் கூடாது.

தாளின் ஒரு நீளப்பக்கத்தை ஓரடி ஆழக் கால்வாயில் புதைத்து மணல் மூட்டை அடுக்க வேண்டும். மறுபக்கம் மூங்கில் கழியில் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். அதைத் தூக்கினால் கதவு. இந்தக் கதவின் கீழ் விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ஈ நுழையும். தைத்த மணல் பையை நீளமாக அதன்மேல் படுக்கப் போடுவதுதான் எளிய வழி.

விசிறி வைக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். 12 வோல்ட் கணினி விசிறி இரண்டை ஒரு சிறு சூரியத் தகட்டோடு இணைத்தால் காற்றில்லாத நேரத்தில் உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் உப்புக்காற்று அதன் பேரிங்கைப் பிடித்துவிடும். விசிறியை நம்பித் திறப்பைச் சிறிதாக்கியிருந்தால் அன்றோடு கூடாரமும் நின்றது. இதே மாவட்டத்தில் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அதைப் பார்த்த கண்ணுக்குத் தகடு இல்லாத சூரியத் திட்டம் குறைபட்டதாகத் தோன்றலாம். தகடு வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது. அந்த மின்சாரத்தில் ஹீட்டரைச் சூடாக்கி மீன் உலர்த்துவதைவிட, வெயிலை நேரடியாக உள்ளே விடுவது எல்லாக் கணக்கிலும் மலிவு.

ஒரு நாள் ஓட்டம்

மீனை நல்ல தண்ணீரில் அலசி அரை மணி நேரம் வடிய விட வேண்டும். மேலே ஒட்டிய தண்ணீரை வடித்து எடுப்பது இலவசம். அதையே ஆவியாக்கி எடுக்க வெயில் செலவாகும். தட்டுக்கு ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் போட வேண்டாம். தட்டில் இடம் மீதியாகத் தெரியும். ‘இன்னும் கொள்ளுமே’ என்று 18 கிலோ பரப்பினால் இரண்டு நாள் ஆகும்.

ஒரு தட்டை அடையாளத் தட்டாக வைத்து, அதில் சரியாக 1,500 கிராம். மணிக்கொரு முறை அந்தத் தட்டை மட்டும் எடுத்து நிறுக்க வேண்டும், காற்றுப் படாத மறைவில். கடற்காற்றில் மின்தராசின் எண் நிற்காது. தட்டின் சொந்த எடையை முன்பே குறித்துக் கழிக்க வேண்டும், ஈரப்பட்ட மரச்சட்டம் காய்ந்து எடை குறைவதையும் மறக்கக் கூடாது. முந்திய நாளே சட்டத்தை வெயிலில் காயவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

80 சதவீத ஈரம் என்றால் இலக்கு எடை 353 கிராம். ஆனால் அந்த 80 ஊகம். மீனுக்கு மீன், பருவத்துக்குப் பருவம் மாறும். அன்றைய மீனில் ஈரம் 76 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்பொருள் மட்டுமே 360 கிராம்! தராசு 353 காட்டும் வரை காத்திருப்பவர் விடியும்வரை காத்திருக்கலாம், காட்டாது. சரியான இலக்கு 424 கிராம். ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் 10 கிராம் மீனை நறுக்கி, ஆய்வக அடுப்பில் 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை, பொதுவாக ஓர் இரவு, வைத்து உண்மையான ஈரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முடிவு மறுநாள்தான் கிடைக்கும் என்பதால் அன்றைக்குக் கைக்கணக்கே துணை. கரையில் கருவாடு காயப்போடும் பெண்கள் நெத்திலியை ஒடித்துப் பார்த்துச் சொல்வார்கள்: வளைந்தால் இன்னும் காயவில்லை, படக்கென்று முறிந்தால் ஆயிற்று. அவர்கள் ‘ஆயிற்று’ என்று சொன்ன மீனையும் அடுப்பில் வைத்துப் பாருங்கள். விலங்கியல், வேதியியல் மாணவர்களுக்கு இதைவிடச் சுவையான ஒப்பீடு கிடைப்பது அரிது.

எடையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் முதல் சில மணி நேரம் கோடு நேராகச் சரியும். மீனின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அப்படித்தான். காற்று எவ்வளவு எடுத்துப்போகுமோ அவ்வளவு போகும். பிறகு கோடு வளையும். இனி ஈரம் சதைக்குள்ளிருந்து மேலே வந்து சேர வேண்டும், அது மெதுவான வேலை. எவ்வளவு காற்றடித்தாலும் வேகம் அதிகரிக்காது. இந்த வளைவு எங்கே வருகிறதோ அங்கே திறப்புகளைப் பாதியாகக் குறைத்துச் சூட்டை 50 டிகிரி வரை விடலாம்.

அதற்கு முன் கூடாது. கோடு நேராக இருக்கும் நேரத்தில் 45 டிகிரியைத் தாண்டாமல் திறப்புகளை முழுதாக விட வேண்டும். ஆரம்பத்திலேயே சூடேற்றினால் மேல்சதை வெந்து இறுகி ஓடாகிவிடும், உள்ளிருக்கும் ஈரத்துக்கு வழி அடைபடும். வெளியே கருவாடு, உள்ளே பச்சை. பார்வைக்குத் தெரியாது; மூட்டையில் கட்டிய சில நாளில் வயிற்றுப்பக்கத்திலிருந்து நாற்றம் கிளம்பும். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும்.

வெப்பமானியை எங்கே வைப்பது என்பதில் பெரும்பாலான அளவீடுகள் பிழைக்கின்றன. தாளுக்குக் கீழே வெயில் படும்படி தொங்கவிட்டால் அது தன் சொந்தச் சூட்டைத்தான் காட்டும், காற்றின் சூட்டை அல்ல. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து திறப்பதும், அதையே அறிக்கையில் எழுதுவதும் நடக்கிறது. தட்டின் அடிநிழலில், காற்றோட்டத்தில், கறுப்புத் தாளைத் தொடாமல் தொங்க வேண்டும். உள்வாய் அருகே ஒன்று, வெளிவாய் அருகே ஒன்று, இரண்டும் ஈரப்பதம் காட்டுபவையாக. வெளிவாய்க் காற்றின் ஈரப்பதம் வெளிக்காற்றின் ஈரப்பதத்தை நெருங்கிவிட்டால், அந்த முனையில் கிடக்கும் தட்டுகள் அநேகமாகச் சும்மா கிடக்கின்றன என்று பொருள். நண்பகலில் முன்தட்டுகளையும் பின்தட்டுகளையும் இடம் மாற்ற இதுதான் காரணம்.

உப்பு போட்டால்

சீலா, பாறை போன்ற பெரிய மீனுக்கு மேலே போட்ட கணக்கு பொருந்தாது. உப்பு தண்ணீரை இழுத்து வெளியேற்றுவதோடு தானும் உள்ளே போய் உலர்பொருளாகச் சேர்கிறது. குடல் நீக்கி, முதுகுவழியாகப் பிளந்து, நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, அடுக்கடுக்காக ஒரு நாள். பிறகு மேலுப்பைக் கழுவி வடித்துத் தட்டில். உப்பிட்ட கருவாடு 35 முதல் 40 சதவீத ஈரத்திலும் ஓரளவு நிற்கும்.

உப்பின் தரம் பெரிய விஷயம். வாலிநோக்கம் பக்கம் உப்பளங்கள் அருகிலேயே இருப்பதால் புதிதாக வாரிய உப்பு எளிதில் கிடைக்கும். அதில் மெக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும். அது சதைக்குள் உப்பு இறங்குவதைத் தாமதப்படுத்தும், கசப்பும் தரும், காற்றிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சும். குவித்து வைத்துக் கசிநீர் வடிந்த பழைய உப்பையே வாங்க வேண்டும். கருவாட்டின்மேல் சில வாரத்தில் இளஞ்சிவப்புப் படலம் வந்தால், அது உப்பிலேயே வாழும் நுண்ணுயிரின் வேலை. ஒருமுறை உபயோகித்த உப்பை மறுபடி போடுவதால் அது பரவுகிறது.

சுத்தமான சமையல் உப்பும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர்த்துப்போகும். இந்தக் கரையில் இரவில் அது சாதாரணம். பகலெல்லாம் காய்ந்த உப்புக் கருவாட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டால் விடியலில் பிசுபிசுக்கும், பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு திரும்பி வந்திருக்கும். வெயில் தாழும் முன்பே எடுத்து, மூடியுள்ள டிரம்மில் அடைத்து, மறுநாள் காலை மறுபடி பரப்ப வேண்டும்.

சாளையை இதில் காயவைக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே பதில். கொழுப்பு மிகுந்த காலத்தில் அது எண்ணெய் கக்கும். வெயிலும் காற்றும் சேர்ந்து அந்த எண்ணெயைக் காறலாக்கும். நெத்திலி, காரல் போன்ற கொழுப்புக் குறைந்த மீனில் தொடங்கலாம்.

மழைக்கு முன்னும் பின்னும்

அக்டோபரில் தாளைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி நிழலில் சுருட்டி வைத்துவிட வேண்டும். மீன் செதிலும் உப்பும் படிந்த தாள் ஒளியை விடாது. கழுவாமலே ‘வெயில் குறைந்துவிட்டது’ என்று காரணம் சொல்வதுண்டு. புயல் எச்சரிக்கை வந்த பிறகு கழற்றப் போனால் கழற்றுவதற்குத் தாள் இருக்காது. சட்டகத்தை அப்படியே விடலாம். மண்ணில் புதையும் மூங்கில் நுனிகள்தான் முதலில் உளுக்கும். நடும்போதே அடி இரண்டடிக்கு வலைக்குப் பூசும் தார் பூசினால் இன்னொரு பருவம் தாங்கும். உளுத்த வளைவை மட்டும் மாற்றலாம், ஐந்தையும் பிரிக்கத் தேவையில்லை. வலைத் தட்டுகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டுவிட்டே அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவாட்டு வண்டு சட்டத்தின் இடுக்கில் தங்கி அடுத்த பருவ மீனில் எழும். அதற்கு மருந்துப் பொடி தூவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தின்னும் பொருளின் பக்கத்தில் அந்த டப்பாவைக் கொண்டுவரவே கூடாது.

முடிந்த கருவாட்டைச் சூட்டோடு பையில் கட்டாதீர்கள். நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கை வைத்தால் குளிர்ச்சி தட்டிய பின்பு கட்டினால் பைக்குள் வியர்க்காது. உள்ளே பாலித்தீன், வெளியே சாக்கு. ஒவ்வொரு பையிலும் நாள், பச்சை எடை, முடிந்த எடை மூன்றையும் எழுதிய சீட்டு போடுங்கள். மணலில் காய்ந்த நெத்திலி கோழித் தீவனத்துக்குப் போகும் விலைக்கும், மணல் படாத நெத்திலி சமையலுக்குப் போகும் விலைக்கும் இடையே உள்ள தூரத்தை வியாபாரியிடம் பேசும்போது அந்தச் சீட்டு கையில் இருப்பது நல்லது.